தீர்ப்பு நாற்காலியில் ஒரு சித்தூர் வக்கீல்
– ஸ்ரீ எம். அனந்தசயனம் ஐயங்கார் (1891–1978)

அரசியலில் இருந்தவர்கள் பிற்காலத்தில் நீதிபதி ஆசனத்தில் அமர்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. காங்கிரஸில் மிதவாதிகளின் தூணாக விளங்கிய மயிலாப்பூர் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் 1909-ல் சென்னை ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனார். கேரளத்தில் 1957-ல் மந்திரியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1968-ல் கேரள ஹைகோர்ட்டுக்கும் 1973-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றார். ராஜ்யசபா அங்கத்தினராக இருந்த கே.எஸ். ஹெக்டே சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகி, அதை ராஜிநாமா செய்து, 1977-ல் மக்களவை சபாநாயகராகவும் ஆனார். இவர்களைப் பற்றியெல்லாம் நம் அங்கத்தினர்கள் நிறையப் படித்திருப்பார்கள்.

ஆனால் ஜட்ஜ் என்ற பட்டம் இல்லாமலேயே, ஒரு நீதிபதிக்கு உரிய ஸ்தானத்தில் பதினான்கு வருஷங்கள் அமர்ந்து, தேசத்தின் பெரிய தலைவர்கள் முன்னிலையில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் நமது திருப்பதிப் பக்கத்துக்காரர். அவர்தான் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் உள்ள மூத்த தலைமுறையினருக்கு அவர் பெயர் தெரியும். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் இளைய தலைமுறைக்குத் தெரியுமா என்பது சந்தேகமே. ஆகவேதான் இக்கட்டுரை.

திருச்சானூரிலிருந்து சித்தூர் வரை

ஐயங்கார் அவர்கள் 1891-ம் வருஷம் பிப்ரவரி 4-ம் தேதி திருச்சானூரில் பிறந்தார். அலர்மேல்மங்கைத் தாயார் சன்னதி உள்ள அந்த ஊர் அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. சித்தூர் தனி ஜில்லாவாக ஆனது 1911-ல்தான். தாய்மொழி தமிழ், ஊர் மொழி தெலுங்கு, பரம்பரைக் கல்வி ஸம்ஸ்கிருதம், பள்ளிப் படிப்பு ஆங்கிலம் என்று நான்கு மொழிகளும் பிறந்த மண்ணிலேயே அவருக்கு அமைந்துவிட்டன. பிற்காலத்தில் டெல்லி வாழ்க்கையில் ஹிந்தியும் சேர்ந்துகொண்டது.

திருப்பதி தேவஸ்தானம் ஹைஸ்கூலில் படித்துவிட்டு, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1912-ல் கணித ஆசிரியராக வேலை தொடங்கினார். 1913-ல் சென்னை லா காலேஜில் பி.எல். தேறினார். ஆசிரியர் வேலையில் அதிக நாள் நிலைக்கவில்லை. 1915-ல் சித்தூரில் வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். இடையிடையே தடைகள் இருந்தாலும் 1950 வரை அத்தொழில் நீடித்தது. எந்த வழக்குக்கு எந்த முன் தீர்ப்பு என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர் என்று அவருக்குப் பெயர். நடமாடும் சட்டத் தொகுப்பு என்றே அழைத்தார்கள். சித்தூர் வக்கீல்கள் சங்கத்தின் தலைவராகவும் பல வருஷங்கள் இருந்தார்.

கணிதம் படித்தவர் வக்கீல் ஆனால் என்ன நன்மை என்று அவர் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். வாதத்தில் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வரவேண்டும். நடுவில் ஒரு படி தாண்டினாலும் விடை தப்பு. சபையில் விதிகளை அவர் எடுத்துச் சொல்லும் முறையில் அந்தப் பழக்கம் கடைசி வரை இருந்தது.

சட்டையில் கதர், சபையில் எம்டன்

காந்திஜி ஒத்துழையாமைக்கு அழைத்தபோது ஐயங்கார் 1921-22-ல் ஒரு வருஷம் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினார். குடும்பஸ்தர் ஒருவர், தொழில் தலையெடுக்கும் பருவத்தில், வரும்படியை நிறுத்திக்கொள்வது என்பது சொல்வதற்கு எளிது. செய்து பார்த்தவர்களுக்கே அதன் பாரம் தெரியும்.

ஹரிஜனங்களுக்கு ஆலயப் பிரவேச உரிமை வேண்டும் என்ற இயக்கத்திலும் அவர் ஈடுபட்டார். திருமலையின் அடிவாரத்தில், ஆசாரமான வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் நின்றது சாதாரண விஷயம் அல்ல. வெளியாரிடம் வாதாடுவதைவிட உறவினர்களிடம் வாதாடுவது கடினம். கோவில் திறக்க வேண்டும் என்று சொன்னவருக்குக் கோவில் பக்தியும் குறையவில்லை, ஸம்ஸ்கிருதப் பற்றும் குறையவில்லை. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு அவர் ஒரு ஸாட்சி.

1934-ல் மத்திய சட்டசபைக்கு நடந்த தேர்தலில், சீடட் ஜில்லாக்களும் சித்தூரும் சேர்ந்த தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பட்ஜெட் விவாதம் என்றால் அவர் எழுந்திருப்பார். எழுந்தால் சர்க்கார் பெஞ்சில் கலக்கம். அவருக்கு அங்கே கிடைத்த பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. நம் பாட்டிமார்கள் பொல்லாத ஆசாமிகளை எம்டன் என்று சொல்லும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. சித்தூர் வக்கீலுக்கு டெல்லியில் அந்தப் பட்டம் கிடைத்தது பொருத்தமே.

1940-ல் தனிநபர் ஸத்தியாக்கிரகம், 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம். 1940-க்கும் 1944-க்கும் இடைப்பட்ட காலத்தில் கணிசமான பகுதி அவருக்குச் சிறையிலேயே கழிந்தது.

தாக்கியவர் தராசு பிடித்தார்

1946-ல் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றார். சுதந்திரத்துக்குப் பின் அதே சபை சட்டமியற்றும் சபையாகவும் கூடியது. காந்திஜி கொல்லப்பட்டு இரண்டே மாதங்கள் கழிந்த நிலையில், 1948 ஏப்ரல் 3-ம் தேதி அச்சபை ஒரு தீர்மானத்தை ஏற்றது. மதம், இனம், ஜாதி அடிப்படையில் அங்கத்தினர்களைச் சேர்க்கும் அல்லது விலக்கும் ஸ்தாபனங்கள் அரசியல் காரியங்களில் ஈடுபட இடம் தரக்கூடாது என்பது அதன் ஸாரம். அதைக் கொண்டுவந்தவர் அனந்தசயனம் ஐயங்கார். சமூகச் சங்கம் நடத்தும் நாம் இதை நினைவில் வைப்பது நல்லது. கல்வி, வைத்திய உதவி, கலாசாரம் இவை சங்கத்தின் வேலை. ஓட்டு அரசியல் வேறு வேலை என்ற கோட்டை நம்மவர் ஒருவரே அன்று தெளிவாகப் போட்டிருக்கிறார்.

அதே 1948-ல் அவர் துணை சபாநாயகர் ஆனார். 1952-ல் முதல் பொதுத் தேர்தலில் திருப்பதி தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். முதல் மக்களவையின் துணை சபாநாயகராகவும் தேர்வானார். சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர். எம்டன் என்று பெயர் எடுத்தவர் இனிமேல் தாக்கவும் கூடாது, தற்காக்கவும் கூடாது. இரு தரப்பையும் பேசவிட்டு, விதி என்ன சொல்கிறது என்று பார்த்து, முடிவு சொல்ல வேண்டும்.

இந்த ஸ்தானத்தை ஜட்ஜ் பதவியுடன் ஒப்பிடுவது வெறும் உபசார வார்த்தை அல்ல. சபை நடவடிக்கை பற்றிச் சபாநாயகர் எடுக்கும் முடிவைக் கோர்ட்டில் கேள்வி கேட்க அரசியல் சட்டத்தின் 122-வது விதி இடம் தரவில்லை. 100-வது விதிப்படி அவர் சாதாரணமாக ஓட்டளிப்பதில்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டுமே அவர் ஓட்டு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஜட்ஜ் தீர்ப்பு எழுத அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். சபாநாயகர், ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சத்தத்துக்கு நடுவே, நின்ற இடத்தில் சொல்ல வேண்டும்.

1954 டிசம்பரில் ஒரு சோதனை வந்தது. மாவ்லங்கரையே பதவியிலிருந்து நீக்க எதிர்க்கட்சியினர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தம்மைப் பற்றிய தீர்மானத்துக்குச் சபாநாயகர் தலைமை வகிக்கக் கூடாது என்பது 96-வது விதி. டிசம்பர் 18-ம் தேதி நாற்காலியில் அமர்ந்தவர் துணை சபாநாயகர் ஐயங்கார். தாம் யாருக்குத் துணையாக இருந்தாரோ அவர்மீதான வழக்கைத் தாமே விசாரிப்பது போன்ற நிலை. எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்புக் கொடுத்து, விவாதத்தை ஒரே நாளில் முறையாக முடித்தார். தீர்மானம் தோற்றது.

துணை சபாநாயகராக இருந்த காலத்தில் 1950-ல் அமைந்த எஸ்டிமேட்ஸ் கமிட்டியின் தலைமையையும் அவர் வகித்தார். சர்க்கார் கேட்கும் பணம் தேவையா, சிக்கனமாக அதே வேலையைச் செய்ய முடியாதா என்று இலாகா இலாகாவாக ஆராய்வது அக்கமிட்டியின் வேலை. சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷங்களுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சட்டசபைக் கமிட்டி வருகிறது என்றால் ஆபீஸில் ஃபைல்களெல்லாம் தூசி தட்டப்படும். எப்போதும் கிடைக்காத கணக்கு அன்று கிடைக்கும். மேலதிகாரிக்குப் பயப்படாதவர்கள்கூடக் கமிட்டிக்குப் பயப்படுவார்கள். அந்த நல்ல பயத்துக்கு விதை போட்டவர்களில் ஐயங்காரும் ஒருவர்.

மூன்று தீர்ப்பு வேளைகள்

1956 பிப்ரவரி 27-ல் மாவ்லங்கர் காலமானார். மார்ச் 8-ம் தேதி ஐயங்கார் சபாநாயகர் ஆனார். 1957 தேர்தலில் சித்தூர் தொகுதியிலிருந்து வென்று, மீண்டும் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1962 ஏப்ரல் வரை அப்பதவியில் இருந்தார். இந்த ஆறு வருஷங்களில் மூன்று சம்பவங்களை மட்டும் இங்கு சொல்கிறேன்.

முதலாவது, முந்த்ரா விவகாரம். 1956-ல் நாட்டுடைமையான லைஃப் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், மறு வருஷமே ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிப் பங்குகளில் சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய் முடக்கியது. பாலிசிதாரர்களின் பணம். இதைச் சபையில் கிளப்பியவர் ஆளும் கட்சியைச் சேர்ந்த, பிரதமர் நேருவின் மாப்பிள்ளையான ஃபெரோஸ் காந்தி. பதில் சொல்ல வேண்டியவர் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவரும் சென்னைக்காரர், அவரும் ஐயங்கார், அதே காங்கிரஸ். நாற்காலியில் இருந்தவர் நினைத்திருந்தால் விதிகளில் ஏதாவது ஒன்றைக் காட்டி விவாதத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம். 1957 டிசம்பர் 16-ம் தேதி விவாதம் நடந்தது. பிறகு பம்பாய் தலைமை நீதிபதி எம்.சி. சக்ளா கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜிநாமா செய்தார். சொந்தக் கட்சி மந்திரிமீது சொந்தக் கட்சி அங்கத்தினரே குற்றம் சாட்ட, சபையில் இடம் கிடைத்தது என்பதே சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி விவகாரம் வெளியே வரக் காரணம்.

இரண்டாவது, 1961-ல் வந்த உரிமை மீறல் வழக்கு. ஆச்சாரிய கிருபளானி எதிர் வரிசையில் அமர்ந்து, ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனை அந்த ஏப்ரலில் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பம்பாய் பிளிட்ஸ் பத்திரிகை கிருபளானியைக் கேலி செய்து எழுதியது. அது சபையின் உரிமையை மீறியது என்று உரிமைக் குழு முடிவு செய்தது. ஆகஸ்ட் 29-ம் தேதி அதன் ஆசிரியர் ஆர்.கே. கராஞ்சியா சபையின் வாயிலில் நிறுத்தப்பட்டார். ஐயங்கார் அவரைக் கண்டித்தார். பத்திரிகைச் சுதந்திரத்தின் பக்கம் நின்று இதை விமர்சிப்பவர்கள் இன்றும் உண்டு. சபை தன் வழக்கில் தானே நீதிபதியாக இருப்பது சரியா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பாதுகாக்கப்பட்ட மானம் ஆளும் கட்சி மந்திரியுடையது அல்ல. அவரைத் தாக்கிப் பேசிய எதிர்க்கட்சிக்காரருடையது.

மூன்றாவது நம் வீடுகளுக்குள்ளேயே வருவது. வரதட்சிணைத் தடை மசோதா பற்றி இரண்டு சபைகளுக்கும் கருத்து வேற்றுமை. கல்யாணத்தில் கொடுக்கும் பரிசுகள் வரதட்சிணையா இல்லையா என்பது முக்கியமான சிக்கல்களில் ஒன்று. அரசியல் சட்டம் வந்தபின் முதன்முறையாக இரு சபைகளும் 1961 மே 6, 9 தேதிகளில் கூட்டாக அமர்ந்தன. தலைமை வகித்தவர் ஐயங்கார். சட்டம் நிறைவேறி, ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கூட்டுக் கூட்டம் 1978-லும் 2002-லும் மட்டுமே நடந்திருக்கிறது. அவ்வளவு அபூர்வமான ஒரு கூட்டம் நம் சமூகத்தின் தீராத வியாதிக்கு மருந்து தேடக் கூடியது, நம்மவர் ஒருவர் தலைமையில் கூடியது என்று பெருமைப்படலாம். ஆனால் சட்டம் வந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகியும், சீர் என்றும் செய்முறை என்றும் வேறு பெயரில் அது நம் முகூர்த்தங்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பெருமை பாதியாகிவிடுகிறது. சபாநாயகர் தீர்ப்பை அறிவிக்கலாம். அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் சம்பந்திகள்தான்.

எல்லை என்னும் ரணம்

1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அங்கே போனது. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று இரு பக்கமும் கொதித்தன. பிறகு படாஸ்கர் சிபாரிசின்படி 1959-ல் பார்லிமெண்டில் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உட்பட்ட பகுதிகள் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. அச்சட்டம் நிறைவேறியபோது சபாநாயகர், வீட்டில் தமிழ் பேசி, ஊரில் தெலுங்கு பேசி, சித்தூர் ஜனங்களின் ஓட்டில் வந்தவர். சொந்த ஜில்லாவைக் கோடு போட்டுப் பிரிக்கும் மசோதாவில் எந்தப் பக்கமும் வாதாட அவருக்கு வாய் கிடையாது. அந்த நாற்காலிக்கு அவர் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

பட்னாவும் பிறகு திருப்பதியும்

1962 தேர்தலிலும் சித்தூரில் ஜெயித்தார். ஆனால் மே 12-ம் தேதி பிஹார் கவர்னராகப் பதவி ஏற்றார். இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. சபாநாயகர் பதவியிலிருந்து இறங்கியவர் சர்க்கார் தரும் பதவியை ஏற்கலாமா? அப்படி ஒரு வாய்ப்பு கண்ணெதிரே இருந்தால் தராசு முள் ஆடாதா? ஜட்ஜுகள் ஓய்வுக்குப் பின் பதவி ஏற்பது பற்றி நாம் இன்று கேட்கும் அதே கேள்விதான். அவர் கடைசி வரை காங்கிரஸ்காரராகவே இருந்தார். அது மாவ்லங்கர் காட்டிய வழி. பக்கத்து அனந்தபூர் ஜில்லாக்காரரான நீலம் சஞ்சீவ ரெட்டி 1967-ல் சபாநாயகர் ஆனதும் கட்சியிலிருந்தே விலகி வேறு உதாரணம் காட்டினார். கொள்கையளவில் சஞ்சீவ ரெட்டியின் வழியே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஐயங்கார் விஷயத்தில் கேள்விக்கு விடை பட்னாவிலேயே கிடைத்தது. கெமிஸ்ட்ரி லாபில் தராசு சரியா என்று பார்க்க, தெரிந்த எடையைத் தட்டில் வைத்துப் பார்ப்போம். 1967 தேர்தல் அப்படி ஒரு எடை. கடும் பஞ்சத்தில் பிஹார் தவித்த நேரம். காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தது. காங்கிரஸ் அல்லாத கட்சிகள் ஒன்றுசேர்ந்து மஹாமாயா பிரசாத் சின்ஹாவைத் தலைவராக்கின. தம் ஆயுள் முழுதும் உழைத்த கட்சியை எதிர்த்து வந்த அந்த மந்திரிசபைக்கு ஐயங்கார் மார்ச் 5-ம் தேதி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அதே வருஷம் நவம்பரில் பக்கத்து வங்காளத்தில் கவர்னர் தர்ம வீரா அங்கிருந்த மந்திரிசபையைக் கலைத்து நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. பிஹாரில், டிசம்பர் 6-ம் தேதி ஐயங்கார் பதவியை விட்டு இறங்கும் வரை அப்படி ஒன்று நடக்கவில்லை. அவருக்குப் பிறகு யார் கவர்னர் என்பதில்தான் மாநில சர்க்காருக்கும் மத்திய சர்க்காருக்கும் மனத்தாங்கல் வந்தது.

ஓய்வு பெற்று அவர் வந்து சேர்ந்த இடம் திருப்பதி. 1961-ல் அங்கே தொடங்கப்பட்ட கேந்திரீய ஸம்ஸ்கிருத வித்யாபீடத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சுப்ரீம் கோர்ட்டின் முன்னாள் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அதன் முதல் தலைவர். பின்னர் அப்பொறுப்பை ஏற்ற ஐயங்கார், கடைசிக் காலம் வரை அதைக் கவனித்துவந்தார். அந்த வித்யாபீடம் 2020-ல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, தேசிய ஸம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. 1978 மார்ச் 19-ம் தேதி ஐயங்கார் காலமானார். வயது 87.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒருவர் பக்ஷபாதம் இல்லாதவராக இருக்க வேண்டுமானால் அவருக்கு அபிப்பிராயமே இருக்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். ஐயங்காருக்கு அபிப்பிராயங்கள் ஏராளம். அதற்காகச் சிறை சென்றவர் அவர். கோவில் திறப்பது பற்றி, கட்சி பற்றி, பட்ஜெட் பற்றியெல்லாம் உரக்கப் பேசியவர். நாற்காலியில் அமர்ந்ததும் அவற்றை வாசலில் செருப்பு விடுவதுபோல் விட்டுவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டார். அது பிறவிக் குணம் அல்ல. தினமும் செய்யவேண்டிய அப்பியாசம்.

நம் அங்கத்தினர்களில் பஞ்சாயத்துச் சொல்லவேண்டிய நிலையில் இருப்பவர்கள் அநேகர். அபார்ட்மெண்ட் அசோஸியேஷன் காரியதரிசி, கோவில் கமிட்டித் தலைவர், இரண்டு பிள்ளைகளுக்கு இடையே பாகப்பிரிவினை செய்யவேண்டிய தகப்பனார், எல்லோருக்கும் அந்த நாற்காலி ஒரு நாள் வந்தே தீரும். அன்று நமக்கு வேண்டியவர் யார் என்று பார்க்காமல், பேச வந்தவருக்கு முழு நேரமும் கொடுத்து, எழுதிவைத்த விதி என்ன என்று பார்த்துச் சொன்னால் போதும். திருச்சானூரில் பிறந்த சித்தூர் வக்கீல் டெல்லியில் பதினான்கு வருஷம் செய்தது அதைத்தான்.

திருமலை யாத்திரை வரும் அன்பர்கள் தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர் செல்லும்போது, கூட வரும் பிள்ளைகளுக்கு இந்த ஊர்க்காரர் ஒருவர் மக்களவை சபாநாயகராக இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். யார் அவர் என்று அவர்கள் கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கிறது.